ஜூஜுவாடி வரிசையில் நின்ற இன்ஜின்கள்

ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை வந்தது 1980இல். டீசல் பம்ப் என்றால் அப்போது எங்களுக்கு மைக்கோதான். எல்லை தாண்டினால் பெங்களூரு ஆடுகோடியில் அதன் தொழிற்சாலை, 1950களிலிருந்து. 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும் ஓசூர் எல்லையிலுள்ள ஜூஜுவாடிப் பட்டறைகளில் அது மைக்கோ பம்ப்தான்.

மைக்கோ பம்ப் வைத்த இன்ஜினில் ஆறு சிலிண்டருக்கு ஆறு இரும்புப் பைப், பம்ப்பிலிருந்து தனித்தனியாக நாசிலுக்குப் போகும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிளோ ராடோ பம்ப் லீவரை இழுக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லையா? ஐடிலில் விட்டு ஒவ்வொரு பைப் நட்டாக லூஸ் செய்வோம். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, கோளாறு அதில். ஒரு ஸ்பேனரும் நல்ல காதும் போதும்.

காமன் ரெயில் வேறு. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே குழாய், ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒயர் சாக்கெட், மிதியில் கேபிளுக்குப் பதில் சென்சார். எப்போது, எவ்வளவு டீசல் என்பதை ஈசியூ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கும். முதலில் துளி டீசலை விட்டுப் பிறகு மிச்சத்தைப் பீய்ச்சுவதால் 'டக் டக்' அடங்கிவிடும். சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற நாட்களில், கேபினைத் தூக்காமலே எது என்ன இன்ஜின் என்று சொல்வேன்.

2010 ஏப்ரலில் பிஎஸ்4 புகை விதி பெங்களூரு உட்பட 13 நகரங்களுக்கு மட்டும் வந்தது, ஓசூருக்கு பிஎஸ்3. அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காலம், இந்தப் பக்கம் இன்னொரு காலம். ஏழு வருடம் இரண்டையும் பார்த்துப் பழகியது இந்த எல்லைப் பட்டறைகளின் பாக்கியம் என்பேன்.

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4. அப்போது லேலண்ட் கொண்டுவந்த ஐஇஜிஆர் இன்ஜின், பைப்பை மட்டும் எண்ணிப் பார்த்தவர்களைக் குழப்பியது. பம்ப், சிலிண்டருக்கு ஒரு பைப் போகும் அதே பழைய இன்லைன் வகை. புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பும் வால்வுக்கோ மின்னணுக் கட்டுப்பாடு. சாலையோர மெக்கானிக்கின் கையை மதித்துச் செய்த இன்ஜின் அது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும், புது லாரிகளில் அந்தப் பம்ப்பின் காலம் முடிந்தது.

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: இன்ஜெக்டரில் ஒயர் தெரிந்தால், ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தொடாதே. ரெயிலுக்குள் 1,600 பாரையும் தாண்டி அழுத்தம் ஏறலாம். மயிரிழைக் கசிவே தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும். அதற்கும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.