இராப்பறவைகள் (இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரை)

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் வீட்டை அண்டி வாழும் இராப்பறவைகளுள் முக்கியமானவை புள்ளி ஆந்தை, வெண்கூகை, பக்கி, கண்கிலேடி, வக்கா. பனங்காடு, உடைமரத் தோப்பு, சீமைக் கருவேலப் புதர், கண்மாய்க் கரை ஆகியவை இவற்றின் இருப்பிடங்கள். பெரும்பாலான வீடுகளில் இவற்றைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம்; இவை பற்றிய அச்சம் வளர்ந்ததும் அதனால்தான்.

இராப்பறவைகளுள் தமிழ் நூல்கள் அதிகம் பேசுவது கூகையைத்தான். கோழியின் பெண்ணுக்கும் கூகையின் பெண்ணுக்கும் அளகு என்ற ஒரே பெயரைத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. நற்றிணை 83ஆம் பாடலில் பெருந்தேவனார் காட்டும் தோழி, ஊர்வாயிலின் முதுமரத்தில் குடியிருக்கும் கூகையிடம் பேரம் பேசுகிறாள்: இறைச்சியிட்ட நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம், தலைவன் வரும் இரவில் மட்டும் குரல் எழுப்பாதே. கூகைக்குப் பிடித்த தீனி எலி என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. புறநானூறு 364ஐப் பாடியவர் பெயரே கூகைக்கோழியார். பகலில் காகம் கூகையை வென்றுவிடும் என்பதை வள்ளுவர் காலமறிதலுக்குச் சான்றாக்கினார். பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காக்கைக் கூட்டம் விரட்டுவதை இன்றும் பார்க்கலாம். பறைபோல் முழங்கும் சங்கக் கூகை, பாறையிலும் பெருமரத்திலும் தங்கும் கொம்பன் ஆந்தையாக இருக்கலாம். இன்று கூகை என்று வழங்கும் வெண்கூகைக்கு முழங்கத் தெரியாது, கிறீச்சிடத்தான் தெரியும்.

பிற்காலத்தில் ஆந்தையின் அலறலை எண்ணிப் பலன் சொல்லும் நாட்டு வழக்கு வந்தது. ஒருமுறை கத்தினால் சாவு, இருமுறையென்றால் எண்ணியது கைகூடும், நாலென்றால் கலகம் என்று கணக்கு நீளும். அதற்குச் சாக்குருவி என்ற பெயரும் இந்த வழியில் ஒட்டிக்கொண்டதே.

வெண்கூகை பாழ்வீடு, கோயில் கோபுர மாடம், பனம்பொந்து என எங்கும் முட்டையிடும். பரணில் குஞ்சுகள் சீறுவதைப் பாம்பென்று நினைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறுவோர் உண்டு. இறகு விளிம்பிலுள்ள மென்மயிர் காற்றின் ஓசையை அடக்குவதால் பறப்பது கேட்காது. வெள்ளை உருவம் ஒன்று சத்தமின்றி முற்றத்தைக் கடந்தால் பேய்க்கதை பிறப்பதில் வியப்பில்லை. இரு காதுகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருப்பதால், முழு இருட்டிலும் சரசரப்பை மட்டுமே கேட்டு எலியைப் பிடித்துவிடும். எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டைகள் கிடக்கும் இடத்திற்கு மேலேதான் அது தங்கும் இடம். நெல்வயலில் தென்னைமட்டையைத் தலைகீழாக நட்டுப் பறவைத் தாங்கி அமைக்கும் உழவர்கள் எதிர்பார்ப்பது இதன் வரவைத்தான்.

புள்ளி ஆந்தை சுமார் 21 செ.மீ. நீளமே உள்ளது. பெரும்பாலும் சோடியாக வாழும். தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைத் தேடி வாசல்வரை வரும். ஆளைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டி முறைக்கும்.

பக்கி கூடு கட்டாது. வெறுந்தரையில் இரண்டு முட்டையிடும். இரவில் மண்பாதையில் அமர்ந்திருக்கையில் வண்டி வெளிச்சம் பட்டுக் கண்கள் சிவந்து மின்னும். கண்கிலேடியின் குரல் பொட்டல்வெளியில் நெடுந்தூரம் கேட்கும். அந்தி சாய்ந்தபின் கூரைக்கு மேல் கரகரத்தபடி கண்மாய்க்குப் போவது வக்கா.

சி. எச். பிடல்ஃப் இராமேசுவரம் தீவின் பறவைகள் பற்றி எழுதிய கட்டுரை 1938இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. 1980களில் அதே கழகம் மண்டபத்தில் காலில் வளையமிட்டு ஆராய்ந்தது கரையோரப் பறவைகளை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989இல் சரணாலயங்களாகி 2022இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் நீர்ப்பறவைகளுக்காகவே. வீட்டு ஆந்தைக்குப் பனையே சரணாலயம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது.