பி செல்களைச் சாகவிடாத புரதம்: லூபஸ் நோய்க்கும் 'பாஃப்'புக்கும் என்ன தொடர்பு?

கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உருவாக்குவது பி செல் எனப்படும் வெள்ளை அணுக்களின் வேலை. உங்கள் எலும்பு மஜ்ஜையில் தினமும் கோடிக்கணக்கான பி செல்கள் பிறக்கின்றன. ஆனா, பிறந்ததெல்லாம் பிழைப்பதில்லை. 'உயிரோடு இரு' என்ற சமிக்ஞை வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

அந்தச் சமிக்ஞையைத் தரும் முக்கியப் புரதம்தான் 'பாஃப்'. இது 1999இல் கண்டறியப்பட்டது.

எப்படி வேலை செய்கிறது?

பாஃப் புரதத்தை மற்ற நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கின்றன. பி செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ள மூன்று ஏற்பிகள் உள்ளன.

- பாஃப்-ஆர்: ரத்தத்திலும் மண்ணீரலிலும் உள்ள முதிர்ந்த பி செல்களை உயிரோடு வைத்திருக்கிறது.
- பிசிஎம்ஏ: எலும்பு மஜ்ஜையில் தங்கி ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்கள் நீண்டகாலம் வாழ உதவுகிறது. 'ஏப்ரல்' என்ற இன்னொரு புரதமும் இதில் இணையும்.
- டாசி: பி செல்களின் எண்ணிக்கை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள உதவுகிறது.

அளவு மாறினால் என்ன ஆகும்?

பாஃப் இல்லாத எலிகளில் முதிர்ந்த பி செல்கள் பெருமளவு காணாமல் போயின. சரி, அதிகமானால் நல்லதுதானே என்று நினைக்கலாம். இல்லை, அங்கேதான் சிக்கல்.

நம் உடலையே எதிரியாக நினைக்கும் பி செல்களும் சில உருவாகும். அவை பிழைக்க மற்றவற்றைவிட அதிக பாஃப் தேவை. பாஃப் அளவாகக் கிடைக்கும்போது, ரேஷன் மாதிரி, போட்டியில் அவை தோற்றுச் சாகின்றன. தாராளமாகக் கிடைத்தால் அவையும் தப்பிவிடும். பாஃப் மிகையாகச் சுரக்கும் எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது.

லூபஸில் ஆன்டிபாடிகள் சொந்த உடலையே தாக்குகின்றன. தோல், மூட்டு, சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படலாம். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பலருக்கு ரத்தத்தில் பாஃப் அளவு கூடுதலாக இருக்கிறது.

சிகிச்சையில் இதன் பயன் என்ன?

பாஃப் புரதம் ஏற்பியில் சேராமல் தடுக்கும் 'பெலிமுமாப்' மருந்துக்கு 2011இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு லூபஸுக்கு வந்த முதல் புதிய மருந்து அது.

அப்போ, ஏற்கெனவே போட்ட தடுப்பூசியின் பலன் போய்விடுமா? பெரும்பாலும் போகாது. முந்தைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் பி செல்கள் பாஃப்பை அதிகம் நம்பியிருப்பதில்லை. ஆனால் இந்த மருந்து எடுக்கும் காலத்தில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போடக் கூடாது. எந்தத் தடுப்பூசியானாலும் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதே அறிவு புற்றுநோய்க்கும் கைகொடுக்கிறது. மல்டிபிள் மைலோமா என்பது பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய். அந்தச் செல்களை அடையாளம் காண பிசிஎம்ஏ ஏற்பியையே இலக்காக வைக்கும் கார்-டி செல் சிகிச்சை 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று ஒரு விளம்பரம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: பி செல்கள் பிழைப்பது எவ்வளவு முக்கியமோ, தவறானவை சாவதும் அவ்வளவு முக்கியம்.