வாஷிங்டன் என்றொரு பெயர்



மறைந்த ஒருவரின் பெயரைச் சொல்லி நாம் ஆண்டுதோறும் கூடுகிறோம். அவர் எழுத்தைப் பேசுவதற்கு முன் அவர் பெயரைச் சொல்கிறோம். ஆகவே இன்று பெயரைப் பற்றியே பேசுவது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணினேன். எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கக் குடும்பப் பெயர் ஒன்று: வாஷிங்டன்.

இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருபவர் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். ஆனால் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் குடும்பப் பெயரோடு இருந்தவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். நாட்டின் தந்தை என்று போற்றப்படும் வெள்ளையரின் பெயர், அந்நாட்டுக் கறுப்பு மக்களின் பெயராக ஆகியிருக்கிறது.

அந்தப் பெயரில் வந்தவர்களைப் பாருங்கள். டஸ்கீகி கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டன். 1983இல் சிகாகோ நகரின் முதல் கறுப்பின மேயரான ஹெரால்ட் வாஷிங்டன். திரையில் டென்சல் வாஷிங்டன், கெர்ரி வாஷிங்டன். சாக்சபோன் இசையில் குரோவர் வாஷிங்டன், அவருக்கு ஒரு தலைமுறைக்குப் பின் கமாசி வாஷிங்டன். கறுப்பினப் பெண்களின் கதைகளைத் தொகுத்துப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர உழைத்த இலக்கிய ஆய்வாளர் மேரி ஹெலன் வாஷிங்டன். சோஜர்னர் ட்ரூத்தின் வரலாற்றை எழுதிய பேராசிரியர் மார்கரெட் வாஷிங்டன். கறுப்பர் உடல்கள் மீது நடத்தப்பட்ட மருத்துவச் சோதனைகளை 2006இல் நூலாக அம்பலப்படுத்திய ஹாரியட் வாஷிங்டன். இவர்கள் ஒரு குடும்பத்தினர் அல்லர். இவர்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது ஒரு வரலாறு.

"அடிமைக்கு எசமானின் பெயரை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்" என்று பலரும் சொல்வதுண்டு. அதில் உண்மை கொஞ்சம்தான் இருக்கிறது.

ஜார்ஜ் வாஷிங்டன் 11 வயதிலேயே தந்தையின் சொத்தாகப் பத்து அடிமைகளைப் பெற்றவர். 1799இல் அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் அவருக்கே உரியவர்கள் 123 பேர். அவர்களைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்கும்படி உயில் எழுதினார். ஆனால் அவருடைய பண்ணையின் எண்ணிக்கையை வைத்து மட்டும் இன்றைய ஒன்றரை லட்சம் பேரை விளக்கிவிட முடியாது.

அக்காலத்து ஆவணங்களைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் உண்டு என்பதை எசமானர்கள் ஏற்கவே இல்லை. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. எசமானின் பெயரை எழுதி, அதன் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவற்றைக் குறித்தார்கள். மிகச் சில இடங்கள் தவிர, அவர்களின் பெயர் எழுதப்படவில்லை. தொழுவத்து மாடுகளை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணினார்கள். விடுதலைக்குப் பின் வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் எல்லோரும் முழுப் பெயரோடு முதன்முதலாகப் பதிவாகிறார்கள்.

ஆனால் பதிவேட்டில் இல்லை என்பதால் பெயரே இல்லை என்று ஆகிவிடாது. எசமானுக்குத் தெரியாமல் தங்களுக்குள் குடும்பப் பெயரைக் காத்துவந்தவர்கள் பலர். விற்பனையில் பிரிந்த தாயையும் தந்தையையும் நினைவில் வைத்துக்கொள்ள அவர்களிடம் இருந்த ஒரே பத்திரம் அந்தப் பெயர்தான். 1865க்குப் பின் அதைத் துணிந்து வெளியே சொன்னவர்கள் உண்டு. புதிதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

வாஷிங்டன் என்ற பெயரைச் சுமந்த இருவரை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாமவர் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் பிறந்து, 1763இல் ஜார்ஜ் வாஷிங்டனால் விலைக்கு வாங்கப்பட்டவர். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது, எசமான் சுதந்திரத்துக்காகப் படை நடத்திக்கொண்டிருந்தார்; ஹாரி தம் சுதந்திரத்துக்காக 1776இல் ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். போர் முடிந்ததும், ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜார்ஜ் வாஷிங்டனே ஆங்கிலத் தளபதியிடம் நேரில் கேட்டார். தளபதி மறுத்துவிட்டார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய கறுப்பர்களின் பதிவேட்டில் ஹாரி வாஷிங்டன் என்ற பெயர் இருக்கிறது. தப்பி வந்தவர் எசமானின் பெயரோடுதான் விடுதலைப் பதிவேட்டில் நிற்கிறார். நோவா ஸ்கோஷியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் சியரா லியோன் சென்றார். அங்கே குடியேற்றக் கம்பெனி நிலவரி கேட்டபோது 1800இல் எழுந்த கிளர்ச்சியில் சேர்ந்து நாடுகடத்தப்பட்டார்.

இரண்டாமவர் புக்கர். அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் பள்ளிக்கூடம் போனபோது, மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனித்தார், தமக்கோ ஒன்றுதான். ஆசிரியர் பெயர் கேட்டதும், "புக்கர் வாஷிங்டன்" என்று அந்த நொடியில் தாமே வைத்துக்கொண்டதாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். அவருடைய மாற்றாந் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். ஆக, இந்தப் பெயர் எசமான் போட்ட சூடு அன்று. வகுப்பறையில் கூசி நின்ற ஒரு சிறுவன் சட்டென்று எடுத்துக்கொண்டது.

பெயர் ஒன்று என்பதால் அரசியல் ஒன்றாகிவிடவில்லை. ஹாரி ஓடினார், கலகம் செய்தார். புக்கர் வெள்ளையரோடு இணங்கிப்போகும் பாதையைச் சொன்னார். டுபாய்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார்.

பெயரைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. மால்கம், 'லிட்டில்' என்ற குடும்பப் பெயரை விட்டு 'எக்ஸ்' என்று வைத்துக்கொண்டார். பறிக்கப்பட்டு, இனிக் கண்டறிய முடியாமல் போன ஆப்பிரிக்கப் பெயரின் இடத்தை அந்த எழுத்து காட்டியது. அவர் செய்ததும் நியாயம். கையில் கிடைத்த பெயரைத் தங்கள் உழைப்பால் தமதாக்கிக்கொண்டவர்கள் செய்ததும் நியாயம். இரண்டிலும் முடிவு செய்தவர்கள் அந்த மக்களே.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. ஜோதிராவ் புலே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அதே மராட்டிய மண்ணில் 'காம்ப்ளே' என்ற பெயரைப் பாருங்கள். 1908இல் 'சோமவம்சீய மித்ரா' இதழைத் தொடங்கிய சிவ்ராம் ஜான்பா காம்ப்ளேவும், தன்வரலாறு எழுதிய பேபி காம்ப்ளேவும் அந்தப் பெயர்க்காரர்கள். பள்ளி வருகைப் பதிவேட்டில் சாதியைக் காட்டிக்கொடுத்த பெயர், புத்தக அட்டையில் தலைநிமிர்ந்து நின்றது.

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. 1929 செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுக் காலத்தில் பலர் சாதிப் பட்டத்தைத் துறந்தார்கள். அது பெரிய செயல். ஆனால் துறப்பதற்குப் பட்டம் இருந்தவர்களின் செயல் அது. பட்டமே மறுக்கப்பட்டு, நரைத்த தலையையும் சிறுவன் 'டேய்' என்று அழைத்த சேரிக்கு வேறு வேலை இருந்தது. காத்தவராயன் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இரட்டைமலை சீனிவாசன், பிறர் இழிவாகச் சொன்ன சொல்லையே எடுத்து 1893இல் 'பறையன்' என்று இதழுக்குப் பெயரிட்டார். ஒருவர் புதுப் பெயர் ஏற்றார். மற்றவர் பழைய பெயரை நிமிர்த்தினார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் வேரைத் தேடிப் போகும்போது, பெரும்பாலும் 1870இல் வந்து முட்டி நிற்கிறார்கள். அதற்கு முன்னால் பெயரில்லாத பட்டியல். நமக்கும் அப்படியொரு சுவர் இருக்கிறது. பண்ணைக் கணக்கில் நம் முன்னோர் பலர் 'ஆள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கிடக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டனின் பெயர், அவருடைய தாயின் பெயர், ஊரார் வைத்த பட்டப்பெயர், தெருவுக்குள் மட்டும் வழங்கிய பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருடைய நிலத்தில் உழைத்தார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதிவையுங்கள். சொன்னவர் யார், கேட்ட நாள் எது என்பதையும் குறியுங்கள். அடுத்த ஆண்டு இதே அவையில் அந்தப் பட்டியலிலிருந்து சில பெயர்களை உரக்க வாசிப்போம்.