பர்மா ராணி: சேலத்துப் போரும் துறைமுகத்துப் போரும்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'பர்மா ராணி' 1945இல் வெளிவந்தது. ஜப்பானியர் பிடியிலுள்ள பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானிகளும் அவர்களுக்கு உதவும் ராணியும்தான் கதை. ராணியாக கே.எல்.வி. வசந்தா, விமானியாக ஹொன்னப்ப பாகவதர். ஜப்பானிய அதிகாரி வேடத்தைச் சுந்தரமே ஏற்றார். பிரிட்டிஷ் பிரச்சாரம் என்று ஒரே வரியில் இப்படத்தைத் தள்ளிவிடுவது சுலபம். பிரச்சாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது எதைச் சரியாகச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பது தனிக் கேள்வி.

பிலிம் சுருள் அன்று வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். போர்த் தட்டுப்பாட்டில் அரசு அதைப் பங்கீட்டுக்குள் கொண்டுவந்து, படத்தின் நீளத்துக்கும் 11,000 அடி என்று வரம்பு கட்டியது. சுருள் வேண்டுமென்றால் சர்க்காரின் மனம் குளிர வேண்டும். 'தியாகபூமி'யை எடுத்துத் தடையைச் சந்தித்த காங்கிரஸ் அனுதாபி கே. சுப்ரமணியமே 1945இல் 'மானசம்ரட்சணம்' என்ற போர் ஆதரவுப் படத்தை எடுத்தார் என்றால், அது ராஜ விசுவாசத்தால் அல்ல.

இந்திய விமானிகள் என்பது கற்பனையில்லை. 1944இல் இம்பால் முற்றுகையின்போது அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் அங்கிருந்து பறந்தது. ஹாலிவுட்டின் பர்மா போர்ப் படமான 'அப்ஜெக்டிவ், பர்மா!' (1945) அமெரிக்க வீரர்களையே முன்னிறுத்தி, பிரிட்டனில் பெரும் கண்டனத்துக்கு ஆளானது. அதே ஆண்டில் இந்தியர்களை நாயகர்களாக வைத்த சேலத்துப் படத்தை இந்த ஒரு விஷயத்தில் பாராட்டத்தான் வேண்டும்.

பிசகு வேறிடத்தில். 1943இல் சிங்கப்பூரில் உருவான, சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் ஏராளம். தலைமை தாங்கிய லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1944இல் அப்படையின் ஒரு பகுதி பர்மாவிலேயே இருந்தது. பிரிட்டிஷாருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்திய தமிழ்ப் பெண்ணுக்குத் தணிக்கைக் காலத் திரையில் இடமேது?

அகதிகளின் கதை இன்னும் பெரிது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். ஐரோப்பியருக்கு நல்ல பாதை, இந்தியருக்கு மோசமான பாதை என்று ஒதுக்கியதாக அன்றே புகார் எழுந்தது. பர்மாப் போரில் தமிழர்கள் பட்ட பெரும்பாடுகளில் இதுவும் ஒன்று.

வடசென்னைக் கடலோரம் போரைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' சுட்டதில் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக் கடலுக்குள் வந்ததும் சென்னையே காலியானது. மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு வீசிப் போனது. சென்னையிலேயே இவ்வளவு நடந்தும், சினிமா போரைப் பர்மாவுக்கு அனுப்பிவிட்டது. காரணம் ஊகிக்கக்கூடியதே: நகரத்தின் பீதியைக் காட்டினால் அரசின் இயலாமையும் சேர்ந்து தெரியும்.

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபின் பர்மாத் தமிழர்கள் மறுபடி கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். 1969இல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. இன்றும் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் மாலையில் போனால் அத்தோ கடைகளில் நூடுல்ஸைக் கையால் பிசைந்து, புளிக்கரைசலும் வறுத்த வெங்காயமும் சேர்த்துத் தருவார்கள். இக்குடும்பங்களில் 1942 நடைப்பயணத்தைப் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. 'பர்மா ராணி'யை ஆராய்பவர்கள் இக்குடும்பங்கள் வாழும் வியாசர்பாடிக்கும் எண்ணூருக்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு உடனே போகவேண்டும்.