பதினேழின் பயணம்

வயதைக் கேட்டு வாங்கி, அதோடு ஒன்றைக் கூட்டி, 'அடுத்த வருஷம் உனக்கு 18 வயது' என்று சொல்ல வேண்டும். பைத்தான் படிக்க உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே எழுதிப் பார்க்கிற புரோகிராம் இது. 17 என்று தட்டி என்டரை அழுத்தினால் 18 வருவதில்லை. பைத்தானின் ஐடில் திரையில் சிவப்பு எழுத்தில் டைப்எரர் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "இன்ட் போடு, சரியாயிடும்" என்கிறார். போட்டதும் சரியாகிவிடுகிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. இலங்கையில் உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலும் இருக்கிறது. இத்தனை பிள்ளைகள் கடந்துபோகிற இடத்தில் ஒரு மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதைவிட, அந்தப் 17 விரலிலிருந்து கூட்டல்வரை போகிற வழியை ஒருமுறை கூடவே போய்க் காட்டிவிடலாம்.

விசைப்பலகைக்கு எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பது மட்டுமே தெரியும். யூஎஸ்பி விசைப்பலகையில் 1-க்கான விசையை அழுத்தினால் 30 என்ற குறி போகும், 7-க்கு 36. பூஜ்யம் 9-க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அதன் குறி 39. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 7-ஐ அழுத்தினாலும் அதே 36தான் போகிறது. அதை 7 என்று எடுப்பதா, & என்று எடுப்பதா என்பதை முடிவு செய்வது இயங்குதளம். அது முடிவு செய்த பிறகு நம் 17 இரண்டு எழுத்துகளாகிறது: ஒன்றின் குறியெண் 49, மற்றதன் குறியெண் 55. 'க'வுக்கும் காற்புள்ளிக்கும் குறியெண் இருப்பதுபோல இவற்றுக்கும் ஒன்று, அவ்வளவுதான். பதினேழு என்ற அளவு இன்னும் எங்கேயும் பிறக்கவில்லை.

அந்த 49-உம் 55-உம் 1963-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்கி தரத்திலிருந்து வந்தவை. அதை வகுத்தவர்கள் பூஜ்யத்தை 48-இல் வைத்தார்கள். 48-ஐ இரும எண்ணில் எழுதினால் 0011 0000. கடைசி நான்கு பிட்டும் பூஜ்யம். 55 என்பது 0011 0111. கடைசி நான்கு பிட்டைப் படித்தால் 7. எழுத்தின் குறிக்குள்ளேயே அதன் மதிப்பையும் பொதிந்து வைத்த ஏற்பாடு இது. 1964-இல் ஐபிஎம் தன் சிஸ்டம் 360 கணினிகளோடு கொண்டுவந்த எப்சிடிக் குறிமுறையில் பூஜ்யத்தின் இடம் 240. இடம் வேறானாலும் கடைசி நான்கு பிட்டு ஏற்பாடு அங்கேயும் அப்படியே இருக்கிறது.

தமிழ் இலக்கங்களுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. யூனிகோடில் ௦-வின் இடம் 3046, ௧-இன் இடம் 3047. கடைசி நான்கு பிட்டைப் பார்த்தால் ௧ ஏழாகத் தெரியும். ஆனாலும் எழுத்துகளை எண்ணாக மாற்றும் பைத்தானின் இன்ட்டுக்கு ௧௭ என்று கொடுத்துப் பாருங்கள். 17 என்று சரியாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் என்ன மதிப்பு என்று யூனிகோடு அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பழைய முறைப்படி ௰௭ என்று கொடுத்தால் மட்டும் பிழை வரும், ஏனென்றால் பத்தைக் குறிக்கும் ௰ என்பது இட மதிப்பு முறைக்குள் அடங்காத குறி. கணினி வகுப்பில் இதைச் செய்து காட்டும் ஆசிரியரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நம் 17 இப்போது இன்புட் வாசலுக்கு வருகிறது. பைத்தான் 2-இல் இந்த வாசல் வேறு மாதிரி இருந்தது. அங்கே இன்புட் என்பது பயனர் தட்டியதை நிரல்வரியாகவே எடுத்து இயக்கிப் பார்க்கும். 17 என்று தட்டினால் எண்ணாகவே வந்து சேரும். கூட்டலில் சிக்கல் இல்லை. ஆனால் வயதைத் தட்டச் சொன்ன இடத்தில் ஒருவர் கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினால் அதையும் இயக்கிவிடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இந்தக் கதவை அடைத்தது. எதைத் தட்டினாலும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர்தான் என்றானது. பிள்ளைகள் முதல் வாரத்திலேயே டைப்எரரைச் சந்திப்பதற்கு இந்த நல்ல முடிவுதான் காரணம்.

அடுத்து + குறி. இங்கேதான் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழியில் + எண்களைக் கூட்ட மட்டும். எழுத்துகளை ஒட்டப் புள்ளி. குழப்பத்துக்கே இடமில்லை. 1995-இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்புக்காகப் பத்தே நாளில் முதல் வடிவம் செய்துகொடுத்த ஜாவாஸ்கிரிப்ட்டில் + இரண்டு வேலையும் பார்க்கிறது. அங்கே ஸ்ட்ரிங் 17-உடன் எண் 1-ஐக் கூட்டினால் 171. கழித்தால் 16, ஏனென்றால் கழித்தலுக்கு ஒரே வேலைதான். பிழை என்று எதுவும் சொல்லாது. 171 வயது என்று பக்கத்தில் அச்சாகி, யாராவது பார்த்துச் சொல்லும்வரை அப்படியே இருக்கும்.

பைத்தானிலும் + குறிக்கு இரண்டு வேலை உண்டு. ஆனால் இரண்டையும் கலக்கச் சொன்னால் மறுத்துவிடுகிறது. ஸ்ட்ரிங் இடப்பக்கம் இருந்தால், ஸ்ட்ரிங்கோடு ஸ்ட்ரிங்கைத்தான் ஒட்ட முடியும் என்கிறது. எண் இடப்பக்கம் இருந்தால், இந்த இரண்டு வகைக்கும் நடுவே + செல்லாது என்கிறது. ஒரே தவறுக்கு இரண்டு வாசகங்கள் வருவதால் பிள்ளைகள் இரண்டு தவறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறுத்து நிறுத்துவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பைத்தான் எல்லா இடத்திலும் நிறுத்துவதில்லை. ஸ்ட்ரிங் 17-ஐ 2-ஆல் பெருக்கினால் 1717 என்று சத்தமில்லாமல் கொடுத்துவிடும். ஸ்ட்ரிங் 9 பெரிதா, ஸ்ட்ரிங் 17 பெரிதா என்று கேட்டால் 9 என்று சொல்லும்; முதல் எழுத்தின் குறியெண்களான 57-ஐயும் 49-ஐயும் ஒப்பிட்டுவிட்டு அதோடு நின்றுவிடும். மதிப்பெண் பட்டியலை வரிசைப்படுத்தும்போது 100 வாங்கிய பிள்ளை 35-க்கும் கீழே போவது இப்படித்தான்.

சரி, இன்ட் போட்டாயிற்று. உள்ளே என்ன நடக்கிறது? கணக்கு 0-இல் தொடங்குகிறது. முதல் எழுத்தின் 49-இலிருந்து 48 போக 1. 0-ஐப் பத்தால் பெருக்கி அதைச் சேர்த்தால் 1. அடுத்த எழுத்தின் 55-இலிருந்து 48 போக 7. கையில் இருக்கும் 1-ஐப் பத்தால் பெருக்கி 7-ஐச் சேர்த்தால் 17. பதினேழு என்ற அளவு பிறப்பது இங்கேதான். நினைவகத்தில் அது 10001. அதோடு ஒன்று சேர்ந்து 10010.

விடையைத் திரையில் காட்டத் திரும்பும் வழி இதற்குத் தலைகீழ். 18-ஐப் பத்தால் வகுத்தால் மீதி 8. 48-ஐச் சேர்த்தால் 56, அதாவது 8 என்ற எழுத்து. ஈவு 1, அதிலிருந்து 49. இலக்கங்கள் பின்னாலிருந்து முன்னாகப் பிறப்பதால் கடைசியில் வரிசையை மாற்ற வேண்டும். இரண்டு இலக்கத்துக்கு இது நொடியில் துளி நேரம். இலக்கங்கள் லட்சக்கணக்கில் போனால் வேலை தாறுமாறாகப் பெருகும்: இலக்கம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. வேண்டுமென்றே நீளமான எண்களை அனுப்பிச் சர்வரை முடக்க முடியும் என்பதால், 2022-இல் பைத்தான் இந்த மாற்றத்துக்கு 4,300 இலக்கம் என்று வரம்பு போட்டுவிட்டது.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் அதே வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இலக்கங்களால் ஆனதெல்லாம் இந்தப் பயணம் போக வேண்டியதில்லை. இலங்கையில் 077 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணுக்கு இன்ட் போட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். அந்த எண்ணுக்கு அழைப்பும் போகாது. பின்கோடு, தேர்வுப் பதிவெண், வங்கிக் கணக்கு எண் எதையும் யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை. அவை ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.