தங்கவயலில் மலையைத் தாங்கியோர்

கோலார் தங்கவயல் வரலாற்றில் கம்பெனியாரின் பெயரும் பொன்னின் எடையுமே பெரிதும் எழுதப்பட்டுள்ளன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குக் கால்கொண்ட பின், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்று பாதாளத்தில் இறங்கியவருள் பெரும்பாலோர் நம் மக்களே.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் தாதுவை வெட்டியெடுத்தால், அவ்விடம் சுமந்த பாரம் பக்கத்துப் பாறைக்கு மாறும். அது தாங்க இயலாதபோது திடீரெனச் சிதறும். இதனைத் தொடக்கத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். காற்றால் நேர்வதன்று, எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கு மாற்று என்ன? முதலில் மரங்களை முட்டுக்கொடுத்தனர்; மரம் நசுங்கிற்று. பின்னர்க் கருங்கல்லைக் கொத்தி, கூரைக்கும் தரைக்குமிடையே சுவராக அடுக்கினர். பிற்காலத்தில் வெற்றிடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பினர். காவலாக விட்டுவைத்த தாதுத் தூண்களோ பாரத்தைத் தம்பால் ஈர்த்துத் தாமே வெடித்தன! எனவே இடையில் துண்டு விடாது, வரிசை பிறழாது வெட்டும் முறை வகுக்கப்பட்டது. வகுத்தவர் பொறியாளர், எந்தப் பாறை 'பேசுகிறது' என்பதைச் செவியால் அறிந்து, அதனடியில் நின்று கல்லடுக்கியவர் நம் முன்னோர். முன்னது நூலேறிற்று, பின்னது ஏறவில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு உழைத்த முதியோர் எஞ்சியுள்ள இல்லங்களுக்கு நம் மாணவர் ஏடும் எழுதுகோலுமாகச் சென்று, அவர்கள் கூறுவதை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டுகிறோம்.