சிறார் காவற் சட்டங்கள் வந்த வழி

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்குழந்தைக்குக் காவலாக வைத்த வயது வரம்பு பத்து. பத்து வயது நிரம்பிய சிறுமியை மணந்தவன் அவளை வன்முறைக்கு ஆளாக்கினாலும் அது பாலியற் குற்றமாகாது. 1890இல் கல்கத்தாவில் புல்மணி தாசி என்னும் சிறுமி, முப்பது வயதைத் தாண்டிய கணவனின் செயலால் இறந்தாள். அவள் பத்து வயதைக் கடந்திருந்தமையால், அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே. மறு ஆண்டு வந்த திருத்தம் வரம்பைப் பன்னிரண்டாக உயர்த்தியது. அதனையும் சமயத்தில் தலையீடு என்று கூறித் திலகர் முதலிய பெருந்தலைவர்கள் எதிர்த்தனர். பாடநூல்கள் இதனைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இனி, நம் இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டிய வழக்கொன்று உண்டு. 1972 மார்ச் 26ஆம் நாள் இரவு, மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்து தேசாய்கஞ்சு காவல் நிலையத்தில், புகார் ஒன்றின் விசாரணைக்கு வந்த ஆதிவாசிச் சிறுமியைக் காவலர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்தார். உடன் வந்த உறவினர் வெளியே காத்திருந்தனர். உள்ளே அவள் வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் தாய் தந்தையற்றவள். கூலி வேலை செய்து பிழைத்தவள். மருத்துவர் மதிப்பிட்ட வயது பதினான்கிலிருந்து பதினாறு.

1974இல் அமர்வு நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுதலை செய்தது. 1976இல் உயர்நீதிமன்றம் அச்சத்தால் அடங்கிப் போவது இசைவாகாது எனக் கூறித் தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றமோ, உடலில் காயமில்லை, கூக்குரலிட்டதற்குச் சான்றில்லை என்று காட்டி அவர்களை மீண்டும் விடுவித்தது. இரவில், காவல் நிலையத்திற்குள், சீருடை அணிந்தவர் முன்னிலையில் ஓர் ஏழைச் சிறுமி எவ்வாறு கூக்குரலிடுவாள்? 1979இல் சட்டப் பேராசிரியர்கள் உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் இதனையே கேட்டது. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன.

அதன் பயனாக 1983இல் சட்டம் திருந்தியது. காவலில் நிகழும் வன்கொடுமையில், இசையவில்லை என்று பெண் கூறினால் அதனை மெய்யென்றே நீதிமன்றம் கொள்ளும். விசாரணை மூடிய அறையில் நடைபெறும். பாதிக்கப்பட்டவரின் பெயரை அச்சிடுதல் குற்றமாயிற்று. அச்சிறுமியின் பெயர் சட்ட நூல்கள் பலவற்றில் காணப்படினும் நான் இங்கு எழுதாமைக்குக் காரணம் அதுவே.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயதிற்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவரையும் காக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் எக்காரணம் கொண்டும் குழந்தையைக் காவல் நிலையத்தில் நிறுத்தி வைக்கலாகாது. இவ்விதியைப் படிக்கும்போதெல்லாம் தேசாய்கஞ்சு இரவே என் நினைவுக்கு வருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் கண்ணில் படாமலே குழந்தை சாட்சியம் சொல்லலாம். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பதும் தண்டனைக்குரியது. குற்றம் புரிந்தவர் தமக்குக் கீழ்ப் பணிபுரிபவராயின், அதனை மறைக்கும் தலைமையாசிரியர்க்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "பள்ளியின் பெயர் கெடும்" என்று இழுத்து மூடிய காலம் என் பணிக்காலத்திலேயே இருந்தது. அதனை எண்ண இன்றும் நாணுகிறேன்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் கொடுத்து முடிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர்மீது எழுந்த இத்தகைய வழக்கைத் தந்தையுடன் செய்த சமரசத்தைக் காட்டி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கிற்கு நேரடித் தொடர்பில்லாத ஊரார் மேல்முறையீடு செய்தனர். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், இக்குற்றம் சமரசத்திற்கு உரியதன்று எனக் கூறி வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. நம் மக்களில் ஒருவர் பாதிக்கப்பட்டு, குற்றம் புரிந்தவர் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவராயின், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அப்போது துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். நிவாரணத் தொகையும் உண்டு. முதல் தகவல் அறிக்கையில் அச்சட்டம் விடுபட்டிருந்தால் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். கற்ற இளைஞர் ஒருவர் உடன் சென்றால் இது எளிது.

மற்றொன்றும் கூற வேண்டும். 1972ஆம் ஆண்டு வழக்கில் அச்சிறுமி பதினாறு வயதிற்குட்பட்டவள் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று அமர்வு நீதிமன்றம் கூறிற்று. அதனை மெய்ப்பித்திருந்தால் இசைவு பற்றிய வினாவே எழுந்திராது. இன்று வயதை முடிவு செய்யப் பள்ளிச் சான்றே முதலில் கொள்ளப்படுகிறது. அது இல்லையெனில் பிறப்புச் சான்று. இரண்டுமில்லாதபோதே மருத்துவச் சோதனை. நம் பெற்றோர் பலர் பிறந்த நாளை அறியாதிருந்தமையால், என் போன்ற ஆசிரியர்கள் ஜூன் மாதத்து நாளொன்றைக் குத்துமதிப்பாக எழுதிய காலம் இருந்தது. ஓரிரு ஆண்டு கூட்டி எழுதியதும் உண்டு. ஆதலின் இந்த ஜூன் மாதச் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் பிறப்புச் சான்றைக் கையோடு கொண்டு வருக. அது கிடைக்கப்பெறாதவர்கள் முன்னதாகவே நம் கழக அலுவலகத்தில் தெரிவித்தால், விண்ணப்பம் எழுதித் தர நானே வந்திருப்பேன்.